மொட்டைமாடியில் போர்ப்படம்

அசோசியேஷன் தீர்மானம் எண் நான்கு:
குடியரசு தினத்துக்கு முந்தைய இரவு
முன்னாள் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் வகையில்
மொட்டைமாடியில் ஒரு நல்ல பழைய போர்ப்படம்.
தேர்வு, பொருளாளர் பொறுப்பு.
அதாவது நான்.

ராணுவத்தினர் என்ற பன்மை மரியாதைக்கு.
எங்கள் குடியிருப்பில் ஒருவர்தான்.
சி-2, ஹவில்தார் அருமைநாயகம்.

ஒரு வாரம் தேடினேன்.
பனியில் உறையும் பட்டாளத்தின் கதை
மூன்றே கால் மணி நேரம், குழந்தைகள் தூங்கிவிடும்.
நீர்மூழ்கிக் கப்பல் படம் அபாரம்தான்,
ஆனால் முழுக்க இருட்டு,
எங்கள் வாடகை புரொஜக்டருக்கு ஆகாது.
பாலைவனத்தில் வழி தவறிய ஒற்றை டாங்கி:
கல்லூரி நாளில் ஃபிலிம் கிளப்பில் பார்த்து
பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்த படம்.
அதையே போடலாம் என்றேன்.
"சப்டைட்டில யார் மேடம் படிப்பா?" என்றார் குலசேகர்.
தமிழ் டப்பிங்கை அவரே எங்கிருந்தோ பிடித்துவந்தார்.

படுக்கைவிரிப்புதான் திரை,
மூலையில் சலவைக்காரர் இட்ட மசிக்குறி.
நந்தம்பாக்கம் என்பதால்
சில நிமிடத்துக்கொரு விமானம்
மீனம்பாக்கத்தில் இறங்கத் தாழும்.
அப்போதெல்லாம் பீரங்கிகள் வெறுமனே வாயசைக்கும்.
கைப்பிடி உடையாத ஒரே நாற்காலியில்
போர்த்திய சால்வையை அப்போதே மடித்து
மடியில் வைத்துக்கொண்டு ஹவில்தார்.
அதன்மேல் காகிதத் தட்டு,
பிட்டும் தின்னாத போண்டா.

இரண்டு பக்கமும் தமிழ் பேசியது.
கண் நீலம், சீருடை அந்நியம்,
வாய் மட்டும் வடபழனி.
"குனிடா மாப்ள!" என்று ஒரு வெள்ளைக்கார சார்ஜெண்ட் கத்த
மாடியே குலுங்கியது.
நானும்தான் சிரித்தேன்.

பிறகு அந்த இடம்.
டாங்கிக்காரன் ஒரு பள்ளத்தில் குதிக்கிறான்.
உள்ளே எதிரி. சின்னப் பையன்.
துப்பாக்கி கைக்கு எட்டாத தூரத்தில்.
"அண்ணா, சுடாதீங்கண்ணா" என்கிறான்,
நாற்பது வயதுத் தொண்டையில்.
மறுபடி சிரிப்பு.

நாற்காலி நகர்ந்தது.
"மோட்டார் ஓடுது போல. டேங்க் வழிஞ்சிரும்"
என்று பொதுவாகச் சொல்லிவிட்டு
அவர் படியிறங்கினார்.

அன்றைய மோட்டார் முறை என்னுடையது.
ஏழு மணிக்கே அணைத்துவிட்டேன்.

இறங்கிப் போனேன்.
ஓடாத மோட்டாரின் சுவிட்சில் விரல் வைத்தபடி நின்றிருந்தார்.
"எண்பத்தேழுல யாழ்ப்பாணத்துல இருந்தேன்" என்றார்.
அந்தக் கம்பெனியில்
தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தானாம்.
"மத்தவனுக்கெல்லாம் அது வெறும் சத்தம்மா.
ஆபீசர் எங்கிட்ட கேட்டாரு,
என்ன சொல்லுதான்னு."

நான் காத்திருந்தேன்.
சரியாக அப்போது ஒரு விமானம்,
வயிறு தெரியுமளவு தாழ்வாக.
அவர் உதடுகள் அசைந்தன.
நாலைந்து வார்த்தை இருக்கும்.
சத்தம் ஓய்ந்தபோது வாயும் மூடியிருந்தது.

இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று
கேட்கத் தெரியவில்லை எனக்கு.
கேட்டிருக்கவும் கூடாது.

"தொண்ணூறுல கப்பல்ல வந்து ஹார்பர்ல எறங்கினோம்.
இந்த ஊரு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுது.
இப்ப சால்வை" என்றார்.
கோபமாக இல்லை.
கணக்கு நோட்டில் விட்டுப்போன ஒரு வரவைச்
சொல்வதுபோலச் சொன்னார்.

மேலே யாரோ ஜெயித்தார்கள்.
கைதட்டல் படிகளில் உருண்டு வந்தது.
விரிப்பைக் கழற்றும்போது குலசேகர்
கைபிடித்துக் கேட்டார்,
"எப்படி சார் படம்?"

"நல்ல படம்.
அடுத்த தடவ
அவங்க பாஷையிலயே போடுங்க.
கீழ எழுத்து வந்தாப் போதும்,
நான் மெதுவாப் படிச்சிக்கிடுதேன்."

போண்டாவைக் காகிதத்தில் மடித்து
எடுத்துக்கொண்டு போனார்.